கடைக்குட்டி காரைக்கால்

யூபிலி மலருக்கு ஊர் வரலாறு ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, முதற்கண் என் நினைவுக்கு வந்தது ஏடும் அன்று, கல்வெட்டும் அன்று. என் மாணவன் ஒருவன் வரைந்த படமே நினைவுக்கு வந்தது.

பல ஆண்டுகளுக்கு முன்பு வகுப்பில் பிரெஞ்சிந்திய வரலாற்றை நடத்திக்கொண்டிருந்தேன். ஆண்டுகளும் உடன்படிக்கைகளும் பிள்ளைகளின் மனத்தில் ஒட்டவில்லை. ஆகவே ஓர் உபாயம் செய்தேன். "புதுச்சேரி, சந்திரநாகூர், மாகி, ஏனாம், காரைக்கால் ஆகிய ஐந்தும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் குணத்தையும் எண்ணிப் பார்த்துப் படம் வரைந்து வாருங்கள்" என்றேன்.

மறுநாள் படங்கள் வந்தன. புதுச்சேரி தொப்பியும் கைத்தடியுமாக மூத்த பிள்ளையாய் நின்றது. சந்திரநாகூர் கையில் புத்தகம் வைத்திருந்தது. மாகி தென்னையடியிலும், ஏனாம் ஆற்றங்கரையிலும் விளையாடிக்கொண்டிருந்தன. ஆனால் ஒரு மாணவன் மட்டும் காரைக்காலை வேறு விதமாக வரைந்திருந்தான். கதவுக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் தெரியும்படி ஒரு சிறு பிள்ளை, வாயில் விரல்.

"ஏன் தம்பி, நம் ஊரை இப்படிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டாய்?" என்று கேட்டேன்.

"அது கூச்சப்படுற பிள்ளை, சார்" என்றான்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மணி அடித்துவிட்டது. மாலையில் அவன் அதை என்னிடம் வந்து சொன்னான். அவன் சொன்னது என்ன என்பதை இக்கட்டுரையின் முடிவில் கூறுவேன். அதன் பொருள் விளங்க, அந்தக் கூச்சக்காரப் பிள்ளையின் கதையை முதலில் நாம் அறிய வேண்டும்.

இரு வகைப் பிள்ளைகள்

ஒன்றைப் பிள்ளையாகப் பாவித்துப் பார்ப்பது தமிழனுக்குப் புதிதன்று. தொண்ணூற்றாறு வகைச் சிற்றிலக்கியங்களுள் பிள்ளைத்தமிழ் ஒன்று. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைப் பிள்ளையாக்கிப் பாடினார். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியைப் பிள்ளையாக்கிப் பாடினார். இசுலாமியப் புலவர்களும் கிறிஸ்தவப் புலவர்களும் இம்மரபில் பாடியுள்ளனர். காப்பு, செங்கீரை, தாலம், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பருவங்கள் தொடர்ந்து பத்தாகும். அவற்றுள் ஆறாவது வருகைப் பருவம். தளர்நடையிடும் பிள்ளையை "வருக, வருக" என்று தாய் அழைக்கும் பருவம் அது.

பாடப்படுபவரை நெஞ்சுக்கு அணுக்கமாக்கிக்கொள்ளவே புலவர் அவரைப் பிள்ளையாக்குகிறார். அதனால் அவர் பெருமை குறைவதில்லை. மதுரைக்கு அரசியானவள் பிள்ளையான பின்னும் அரசியே.

வேறொரு வழக்கமும் உலகில் உண்டு. பேரரசுகள் தாம் பிடித்த நாடுகளைப் பிள்ளைகள் என்று அழைத்த வழக்கம் அது. பிரெஞ்சு மொழியில் 'மேர் பத்ரி' என்றொரு தொடர் உண்டு. தாய்நாடு என்பது அதன் பொருள். குடியேற்ற நாடுகள் பிரான்சை அப்பெயரால் குறிக்கப் பழக்கப்பட்டன. பிரான்சு தாய் என்றால் ஏனையவை பிள்ளைகள். பிள்ளை என்றால் அதற்கு விவரம் தெரியாது. அதன் சொத்தைப் பிறர் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் பொருட்டுப் பிறர் பேச வேண்டும். இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

நாம் குருவைத் தந்தை என்றும் திருச்சபையைத் தாய் என்றும் அழைப்பவர்கள். ஆதலால் பிள்ளை என்னும் சொல் நமக்குக் கசப்பானதன்று. ஆயினும் அன்பினால் பிள்ளை என்பதும், ஆள்வதற்காகப் பிள்ளை என்பதும் வேறு வேறு. காரைக்காலின் வரலாறு இவ்விரண்டின் வேறுபாட்டைக் காட்டும் வரலாறு என்றால் மிகையாகாது.

விலைக்கு வந்த பிள்ளை

1664ஆம் ஆண்டு கோல்பேர் என்னும் அமைச்சரின் முயற்சியால் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது. 1674இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் கால் ஊன்றினார். அதே நூற்றாண்டில் வங்கத்தில் சந்திரநாகூரும், அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியில் மலையாளக் கரையில் மாகியும், கோதாவரிக் கழிமுகத்தில் ஏனாமும் சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் கடைசியாக, 1739ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது காரைக்கால். ஆகவே அது கடைக்குட்டி.

அது வந்த விதத்தைக் கேளுங்கள். அப்போது தஞ்சையை மராட்டிய மன்னர்கள் ஆண்டுவந்தனர். அரியணைக்காக உறவினருக்குள் ஓயாத பூசல். 1738இல் அரியணை இழந்து நின்ற சாகுஜி, புதுச்சேரி ஆளுநர் துய்மாவிடம் உதவி வேண்டினான். அதற்குக் கைம்மாறாகக் காரைக்காலைத் தருவதாக வாக்களித்தான். பின்னர் அவன் வேறு வழியில் அரியணையை மீட்டுக்கொண்டான். காரியம் முடிந்ததும் வாக்கு மறந்துபோயிற்று. பிரெஞ்சுக்காரருக்கு நண்பராயிருந்த சந்தா சாகிபு தம் படையை அனுப்பி ஊரைக் கைப்பற்றி அவர்களிடம் ஒப்படைத்தார். 1739ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் பிரெஞ்சுக் கொடி இங்கே ஏறியது. காரைக்கால் நகரும், கருக்களாச்சேரிக் கோட்டையும், ஐந்து சிற்றூர்களும் சேர்த்து விலை 50,000 சக்கரம்.

கொடுத்தவன் ஒருவன், பிடித்தவர் ஒருவர், பெற்றவர் வேறொருவர். அரசலாற்றங்கரையில் நெல் விளைத்தவரையும், கடலில் வலை வீசியவரையும், தறியில் இருந்தவரையும் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்நாளில் இக்கடற்கரையே பல நாட்டார் கடைத்தெருவாக இருந்தது. வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் டேனியர்கள் இருந்தனர். தெற்கே நாகப்பட்டினத்தில் 1658 முதல் ஒல்லாந்தர் இருந்தனர். இருவருக்கும் நடுவில் பிரெஞ்சுக்காரர் வந்து அமர்ந்தார்கள். ஒரு நாள் நடையில் மூன்று நாட்டுக் கொடிகளைக் கண்டுவிடலாம். அக்கம்பக்கத்தார் அனைவரும் அயலாராக இருக்கும் தெருவில் வளரும் பிள்ளைக்குக் கூச்சம் இராதா?

இரு கைகளின் இழுபறி

சாகுஜிக்குப் பின் பட்டமேறிய பிரதாபசிங்கன் காலத்தில் பிரெஞ்சு எல்லை விரிந்தது. 1750ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலம் காரைக்காலைச் சுற்றி 81 ஊர்கள் பிரெஞ்சுக்காரர் வசமாயின. அப்போது ஆளுநராயிருந்த துய்ப்ளேயின் புகழ் உச்சியில் நின்றது. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிவந்ததும் அக்காலத்திலேயே.

பத்து ஆண்டுகளில் எல்லாம் தலைகீழாயிற்று. 1760 ஏப்ரலில் ஆங்கிலேயர் காரைக்காலை முற்றுகையிட்டுப் பிடித்தனர். அடுத்த ஆண்டு சனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. லாலி பிரபு சிறைப்பட்டார். 1763இல் பாரிசு நகரில் சமாதானம் ஏற்பட்டது. அதன்படி 1765இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது.

அத்துடன் முடிந்ததா என்றால் இல்லை. 1778இல் ஆங்கிலேயர் மீண்டும் எடுத்துக்கொண்டனர். 1783ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கைக்குப் பின் 1785இல் மீண்டும் கொடுத்தனர். பிரெஞ்சுப் புரட்சியைத் தொடர்ந்த போரில், 1793இல் மூன்றாம் முறையாக எடுத்துக்கொண்டனர். நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1817 சனவரியில்தான் திருப்பிக் கொடுத்தனர்.

57 ஆண்டுகளுக்குள் மூன்று முறை பறிப்பு. மூன்று முறை ஒப்படைப்பு. சண்டையின் காரணமோ ஐரோப்பாவில் இருந்தது. கையெழுத்தானதும் அங்கேதான். ஆனால் தீய்ந்த வயலும் இடிந்த சுவரும் இங்கே இருந்தன. இரண்டு பெரியவர்கள் ஆளுக்கொரு கையைப் பற்றி இழுக்கும்போது நடுவில் நிற்கும் பிள்ளை என்ன பேசும்? யார் பெயரைச் சொன்னால் மற்றவர் அடிப்பாரோ என்று வாயை மூடிக்கொள்வதுதானே இயல்பு.

கட்டுண்ட கைகள்

1817க்குப் பின் போர் இல்லை. ஆனால் அமைதிக்கு ஒரு விலை இருந்தது. 1814ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையில் ஒரு விதி உண்டு. இந்தியாவில் திருப்பித் தரப்படும் இடங்களில் பிரெஞ்சுக்காரர் கோட்டை கட்டலாகாது. ஊர்க்காவலுக்கு வேண்டிய வீரர்களுக்கு மேல் படை வைத்தலும் ஆகாது. முன்பு கோட்டையோடு விலைக்கு வந்த ஊர் இப்போது கோட்டையின்றித் திரும்பி வந்தது.

அதைவிட நம் மக்களின் அடுப்படியைத் தொட்ட செய்தி ஒன்றுண்டு. அது உப்பு. 1815ஆம் ஆண்டு ஓர் ஒப்பந்தத்தின்படி, பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கி விற்கும் உரிமை முழுவதும் ஆங்கிலேயரிடம் சென்றது. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு அரசுக்குக் கிடைத்தது. 1818ஆம் ஆண்டின் மற்றோர் ஒப்பந்தம் உப்பு எடுப்பதையே நிறுத்திவிட்டது. உப்பளங்கள் வெறும் மணல் திடல்களாயின. வாசலில் கடலை வைத்துக்கொண்டு, கஞ்சிக்கு வேண்டிய உப்பை ஆங்கிலேயரிடம் வாங்க வேண்டிய நிலை வந்தது. உப்பை விற்றவரும் வாங்கியவரும் கைகுலுக்கிக்கொண்டனர். உப்பளத்தில் கால் வெந்து உழைத்தவனுக்கோ தொழில் போயிற்று.

நான்கு புறமும் பார்த்தால் மூன்று புறம் ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சை மாவட்டம்; ஒரு புறம் கடல். மூத்த பிள்ளையாகிய புதுச்சேரி ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில். ஆணைகள் பாரிசிலிருந்து புதுச்சேரிக்கு வந்து, அங்கிருந்து இங்கு வரும். இங்கிருந்து குறை சொன்னால் அதே வழியில் திரும்பிப் போக வேண்டும். கடைக்குட்டியின் குரல் கூடத்தை எட்டுவதற்குள் அடங்கிவிடும்.

கப்பல் ஏறியவர்கள்

இனி நான் சொல்லப்போவது இக்கதையின் துயரமான பகுதி.

1848ஆம் ஆண்டு பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. நல்ல செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆப்பிரிக்க மக்கள் விட்டுச் சென்ற கரும்பு வயல்களுக்கு நம் மக்களைக் கொண்டுபோனார்கள். அடிமை என்று சொல்லாமல் ஒப்பந்தக் கூலி என்று சொன்னார்கள். ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு. ரெயூனியன் தீவுக்கு அதற்கு முன்பே ஆட்கள் போகத் தொடங்கியிருந்தனர். 1853இல் மர்த்தினிக் தீவிலும், 1854இல் குவாதலூப் தீவிலும் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. அவை மேற்கிந்தியத் தீவுகள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மாதப் பயணம்.

1860, 1861 ஆகிய ஆண்டுகளில் ஆங்கில அரசும் பிரெஞ்சு அரசும் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் இவ்வேற்றுமதி பெருகியது. ஆட்களைத் திரட்டியது பெரும்பாலும் ஆங்கிலேயர் ஆண்ட மாவட்டங்களில். கப்பல் ஏற்றியது பிரெஞ்சுத் துறைமுகங்களில். அவற்றுள் புதுச்சேரியும் காரைக்காலும் முதன்மையானவை. பஞ்சத்தால் வாடிய உழவரும், நிலமற்ற கூலிகளும், வீட்டில் சொல்லாமல் வந்த இளைஞரும் எங்கள் கடற்கரையில் வரிசையில் நின்றனர். குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 பேர். மர்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேர். ரெயூனியனுக்குச் சென்றோர் லட்சத்துக்கு மேல். கொடுமைகள் பற்றிய முறையீடுகள் மிகுந்ததால், ஆங்கில அரசு 1882இல் ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதே பத்தாண்டின் முடிவுக்குள் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் அது நின்றது.

திரும்பி வர இலவசப் பயணம் உண்டு என்று ஒப்பந்தம் கூறியது. ஆயினும் பலர் திரும்பவில்லை. சிலர் மாண்டனர். சிலர் மறு ஒப்பந்தத்தில் சிக்கினர். சிலர் அங்கேயே மணமுடித்து வேர்விட்டனர். இன்றும் அத்தீவுகளில் ராமசாமி, வீரப்பன், முத்துசாமி என்னும் பெயர்கள் குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன. மஞ்சளும் மல்லியும் சேர்த்த குழம்பைக் 'கொலம்போ' என்று விருந்தில் வைக்கிறார்கள். மாரியம்மனை 'மலியேமேன்' என்று அழைக்கிறார்கள். ஞாயிறன்று திருப்பலிக்கும் போவார்கள். அம்மன் விழாவிலும் நிற்பார்கள். மொழியோ பெரும்பாலும் மறைந்துவிட்டது.

அங்கும் ஒரு பிள்ளை வாய் திறந்தது. குவாதலூப்பில் 1863இல் பிறந்த ஆன்ரி சிதம்பரம் என்பவர், இந்திய வழித்தோன்றல்களுக்குப் பிரெஞ்சுக் குடிமக்களுக்குரிய வாக்குரிமை வேண்டும் என்று 1904இல் வழக்காடத் தொடங்கினார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் விடாது போராடி 1923இல் வெற்றி கண்டார். அம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்த மக்களை அயலார் என்று ஒதுக்கிய அநீதி அவரால் நீங்கியது. தாய் என்று தன்னை அழைத்துக்கொண்ட நாட்டில், நானும் பிள்ளைதான் என்று மெய்ப்பிக்க ஒரு மனிதனுக்கு 20 ஆண்டுகள் தேவைப்பட்டன!

வாய் திறந்த பிள்ளை

நிற்க. பிரெஞ்சு ஆட்சியில் நன்மையே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 1871 முதல் பிரெஞ்சிந்தியா பாரிசு நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. அண்டையிலிருந்த தஞ்சை உழவனுக்கு வாக்கு என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில் காரைக்கால் உழவன் வாக்களித்தான். 1880இல் கொம்யூன் ஆட்சிமுறை வந்தது. காரைக்கால், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஊர்களின் கொம்யூன் பெயர்கள் அக்காலத்து நினைவுகள். 1881ஆம் ஆண்டு ஆணையின்படி, தன் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்க விரும்பியவர் அவ்வாறு செய்யலாம் என்றாயிற்று. சாதியின் பிடியிலிருந்து விடுபட அதை ஒரு வாயிலாகக் கண்டவர்களும் உண்டு.

ஆனால் அந்த வாக்குப்பெட்டியிலும் குறை இருந்தது. வாக்காளரைப் பட்டியல் பட்டியலாகப் பிரித்து வைத்தார்கள். கள்ள வாக்கும் தடியடியும் மலிந்தன. பாரிசுக்குச் சென்ற உறுப்பினர்கள் பலர் பிரான்சில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர்களே. பிள்ளைக்குப் பேச உரிமை தந்தார்கள். பேசும் வாய் மட்டும் பிறருடையதாக இருந்தது.

இரு உலகப் போர்களிலும் பிரெஞ்சிந்தியர் பிரான்சின் கொடிக்கீழ் போர்க்களம் கண்டனர். 'சொல்தா' என்று நம் தெருக்களில் மதிப்போடு அழைக்கப்பட்ட பழைய படைவீரர்களை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

1947இல் இந்தியா விடுதலை பெற்றது. ஐந்து பிள்ளைகளும் அயலார் வீட்டில் இருந்தன. முதலில் சந்திரநாகூர் 1949 சூனில் வாக்களித்து 1950 மே மாதம் இந்தியாவோடு சேர்ந்தது. 1954 சூன் 13இல் ஏனாமும், சூலை 16இல் மாகியும் பிரெஞ்சு ஆட்சியினின்று விலகின. எஞ்சியவை மூத்ததும் கடைக்குட்டியும். 1954 அக்டோபர் 18ஆம் நாள் புதுச்சேரியை அடுத்த கீழூரில், இவ்விரு பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். இந்தியாவுடன் இணைய 170 பேர் வாக்களித்தனர். எதிர்த்தவர் 8 பேர்.

1739இல் ஊர் கைமாறியபோது கேட்கப்பட்டவர் தொகை சுழி. 215 ஆண்டுகளுக்குப் பின், காரைக்காலின் எதிர்காலம் பற்றிக் காரைக்கால் மக்களின் பிரதிநிதிகளிடமே கேட்கப்பட்டது. 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28இல் ஒப்படைப்பு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கு ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1962 ஆகஸ்டு 16ஆம் நாளே சட்டப்படி இணைப்பு நிறைவேறியது. 1963 சூலை 1இல் யூனியன் பிரதேசம் உருவாயிற்று.

அந்த 1962இல் மற்றொரு கேள்வியும் எழுந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்றானது. யார் செய்தது சரி, யார் செய்தது தவறு என்று இன்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. முதன்முறையாக ஒவ்வொருவரும் தம் பெயரைத் தாமே சொல்லிக் கையெழுத்திட்டார்கள் என்பதே கருதத்தக்கது.

தாயைப் பிள்ளை என்றவர்கள்

இவ்வளவும் எழுதி வரும்போது ஓர் எண்ணம் என்னைத் தடுத்து நிறுத்துகிறது. நாம் காரைக்காலைப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டே வருகிறோம். உண்மையில் இவ்வூர் பிள்ளைதானா?

கம்பெனி தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வணிகர் குடியில் புனிதவதி என்னும் பெண் பிறந்தார். அற்புதத் திருவந்தாதி பாடினார். தமிழ்ப் பக்திக் கவிதையின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படுகிறார். அவரைச் சிவபெருமானே "அம்மை" என்று அழைத்ததாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடினார். அதனால் அவர் காரைக்கால் அம்மையார் ஆனார். ஊரின் பெயரோடு ஒட்டி நிற்பது 'அம்மை' என்னும் சொல்! மாங்கனித் திருவிழாவில் இன்றும் அவர் கதையை ஊரே கொண்டாடுகிறது. நம்மவர்க்குத் தேற்றரவு அன்னையின் ஆலயம், இசுலாமியருக்கு மஸ்தான் சாகிபு தர்கா, மேற்கே திருநள்ளாறு. எத்தனையோ பேரை மடியில் வைத்து வளர்த்த தாய் இவ்வூர். 1739இல் விலைக்கு வந்தது பிள்ளை அன்று, ஒரு தாய். வாங்கியவர்களின் கணக்கில்தான் அவள் பிள்ளை. அவள் பேசாதிருந்ததைக் கண்டு கூச்சம் என்றார்கள். தம் மக்களைக் கப்பலேற்றிவிட்டுக் கரையில் நிற்கும் தாய் பேசாதிருப்பது கூச்சத்தாலா?

யூபிலி என்னும் சொல்லின் பொருளையும் இங்கே எண்ணிப் பார்ப்போம். லேவியர் ஆகமத்தின்படி, ஏழேழு ஆண்டுகள் கழிந்து வரும் ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் முழங்கும். விற்கப்பட்ட நிலம் உரியவரிடம் திரும்ப வேண்டும். அடிமைப்பட்டவர் தம் குடும்பத்தாரிடம் திரும்ப வேண்டும். நிலம் இறைவனுடையது, ஆகவே அதை என்றென்றைக்குமாக விற்க எவருக்கும் உரிமையில்லை என்பதே அதன் உட்பொருள். சாகுஜி விற்ற நிலம் 1954இல் திரும்பியது. கப்பலேறியவர்களுள் பலர் திரும்பவில்லை. ஆகவே நம் யூபிலியில் பாதி இன்னும் பாக்கியிருக்கிறது. அவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் இப்போது ரெயூனியனிலிருந்தும் குவாதலூப்பிலிருந்தும் தம் முன்னோர் ஊரைத் தேடி வருவதுண்டு. தமிழ் தெரியாது, கையில் ஒரு பழைய பதிவின் நகல், அதில் பிரெஞ்சு எழுத்தில் சிதைந்த ஓர் ஊர்ப் பெயர். அத்தகையோர் நம் பங்கின் வாசலில் வந்து நின்றால், யாரோ வெள்ளைக்கார நாட்டு விருந்தாளி என்று விலகி நில்லாமல், "வாருங்கள்" என்று உள்ளே அழைத்து அமர்த்துவோமாக. நம் ஊர்ப் பெயர் எதுவாக இருக்கும் என்று அவர்களோடு சேர்ந்து எழுத்துக்கூட்டிப் பார்ப்போமாக.

இப்போது அந்த மாணவன் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். மாலையில் பள்ளி விட்டதும் என் மேசையருகே வந்து நின்றான். படத்தைத் திருப்பிக் கேட்கிறான் என்று நினைத்தேன்.

"சார், அந்தப் பிள்ளை ஒளிஞ்சுக்கிட்டு இல்லை. 'வா'ன்னு யாரும் கூப்பிடலை. அதான் அங்கேயே நிக்குது" என்றான்.

அன்று அதை ஒரு சிறுவனின் சமாளிப்பு என்று எண்ணினேன். பிள்ளைத்தமிழின் வருகைப் பருவத்தை எத்தனையோ முறை படித்தவன் நான். எனக்கு அது தோன்றவில்லை. தம் சீடர்கள் யார் பெரியவர் என்று வினவியபோது, நம் ஆண்டவர் ஒரு சிறு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவில் நிறுத்தினார் என்பதையும் எத்தனையோ முறை திருப்பலியில் கேட்டிருக்கிறேன். முதலில் அழைத்தார், பிறகே நடுவில் நிறுத்தினார். அழைக்காமல் எந்தப் பிள்ளையும் நடுவுக்கு வருவதில்லை.

அந்தப் படம் இன்று என்னிடம் இல்லை. இருந்திருந்தால் இம்மலரில் அச்சிடத் தந்திருப்பேன். விழா நாளன்று நம் ஆலய முற்றத்திலும் தூணோரத்தில் கூச்சத்தோடு நிற்கும் பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். பெரியவர்களும் சிலர் இருப்பார்கள். அவர்களைப் பார்த்துக் "கூச்ச சுபாவம்" என்று சொல்லிக் கடந்து போகாமல், அருகில் சென்று "வா" என்று ஒரு வார்த்தை அழைப்போம்.